அசல் வண்டி

துடியலூருக்குக் கார் வாங்க யாரும் வருவதில்லை. வாங்கிய காருக்குப் பேர் மாற்றத்தான் வருவார்கள். கோவை வடக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இங்கே இருப்பதால் டிரைவிங் ஸ்கூல், இன்சூரன்ஸ் கடை, ஜெராக்ஸ், நம்பர் பிளேட் எழுதுகிறவர் என்று அதை நம்பிப் பிழைக்கிற ஒரு சிறு உலகம் உண்டு. அப்படிப்பட்ட ஊரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்த விற்பனைத் தாளை நின்று படித்தேன். 'அபூர்வ பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். கன்வெர்டிபிள். இரண்டு இருக்கை. அசல் நிலை. ஓடும் கண்டிஷன். விலை நேரில்.'

அபூர்வம், பிரிட்டிஷ், இரண்டு இருக்கை எல்லாம் சரி. 'அசல் நிலை'யும் 'ஓடும் கண்டிஷ'னும் எப்படி ஒரே தாளில் அடுத்தடுத்து உட்கார முடிந்தது என்பதுதான் விளங்கவில்லை. அறுபது வருடத்துக்கு முந்தைய இரும்பு இந்த ஊர்ப் புழுதியிலும் வெயிலிலும் இன்னும் ஓடுகிறதென்றால், அதில் எத்தனையோ கை பட்டிருக்க வேண்டும். கையே படாமல் அப்படியே இருக்கிறதென்றால் அது ஓடாமல் எங்கோ நின்றிருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் விற்க முடியும்.

உள்ளே நின்றது எம்.ஜி.ஏ. 1955-லிருந்து 1962 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஊர்த் தொழிற்சாலையில் செய்தார்கள். படத்தில் பார்த்ததைவிடச் சின்னது. பக்கத்தில் போய்க் கதவைத் திறக்கலாமென்று கைப்பிடியைத் தேடினால் கிடைக்காது. வெளிப்பக்கம் கைப்பிடியே கிடையாது. கதவுக்குமேல் கையை விட்டு உள்பக்கம் தடவினால் ஒரு கம்பி இருக்கும், அதை இழுக்க வேண்டும். ஏற்றி இறக்கும் கண்ணாடியும் இல்லை. மழை வந்தால் சொருகிக்கொள்ளப் பக்கத்துக்கொரு மறைப்பு, தலைக்குமேல் இழுத்து மாட்ட ஒரு துணிக்கூரை. கால்மிதியைத் தூக்கினால் கீழே பிளைவுட் பலகை. சீட்டுக்குப் பின்னால் மூடியைத் திறந்தால் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. இந்த வண்டியில் அந்த இடம் காலியாக இருந்தது. ஒற்றைப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை வேறொரு மூலையில் தகரப்பெட்டி அடித்து உட்கார வைத்திருந்தார்கள். அசல் நிலை என்பது முதல் பார்வையிலேயே கொஞ்சம் ஆட்டம் கண்டது.

பட்டறைக்காரர் ஐம்பது தாண்டியவர். இந்த மாதிரி வண்டியில் எப்படிக் கை வைக்கப் பழகினீர்கள் என்று கேட்டேன்.

"இதுல பழக என்னங்க இருக்குது? நம்ம அம்பாசடருக்கு இது பங்காளிங்க. அதோட வயித்தத் தெரிஞ்சவனுக்கு இதோட வயிறு தெரியாதுங்களா?"

கேட்கிறவருக்கு அது பட்டறைப் பெருமை போலத் தோன்றலாம். கணக்குப் பார்த்தால் சொல்லுக்குச் சொல் உண்மை. 1955-ல் வந்த எம்.ஜி.ஏ.வின் எஞ்சின் 1489 சி.சி. அம்பாசடரில் ஐம்பதுகளின் கடைசியில் வந்து, நம் டாக்சிகளையும் தாசில்தார்களையும் சுமந்துகொண்டிருந்த பெட்ரோல் எஞ்சினும் 1489 சி.சி. இரண்டும் பி.எம்.சி. என்ற கம்பெனியின் 'பி சீரிஸ்' எஞ்சின்தான். எம்.ஜி.யில் இரட்டைக் கார்புரேட்டரும் வேறு கேம் ஷாஃப்ட்டும் போட்டு இன்னும் கொஞ்சம் குதிரைசக்தியைப் பிழிந்தார்கள், அவ்வளவே வித்தியாசம். மணிக்கு நூறு மைலைத் தொடப் பார்த்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் காந்திபுரம் ஸ்டாண்டில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு முனகிய டாக்சிக்கும் ஒரே வயிறு. உத்தரபாராவில் அம்பாசடர் 2014-ல் நின்றுபோகும் வரை, உலகின் எந்த மூலையில் இருந்த எம்.ஜி.ஏ. சொந்தக்காரரையும்விடக் கோயமுத்தூர்க்காரர் கொடுத்து வைத்தவராக இருந்திருக்கிறார். ஸ்பேர் கடைக்குப் போய் என்ன வண்டிக்கு என்று சொல்லாமலே வாங்கி வந்திருக்கலாம்.

பட்டறைக்காரர் இரட்டைக் கார்புரேட்டரைச் சமன் செய்ததைப் பார்க்க வாய்த்தது. கருவி ஏதும் இல்லை. பெட்ரோல் குழாய் ரப்பர் ஒரு முழம். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையைக் கார்புரேட்டர் வாயருகே காட்டுகிறார். உறிஞ்சும் காற்றின் 'ஸ்ஸ்' கேட்கிறது. அடுத்த வாய்க்குக் காட்டுகிறார். இரண்டு சத்தமும் ஒன்றாகும் வரை திருகாணியை அரைக்கால் சுற்று, கால் சுற்று என்று திருப்புகிறார். பிறகு மேல்மூடியைக் கழற்றித் தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு. இதே ரப்பர்க் குழாய் வித்தையை அபிங்டன் காலத்து மெக்கானிக்குகளும் செய்தார்கள். அதை இவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இனி 'அபூர்வம்'. எம்.ஜி.ஏ. மொத்தம் 1,01,081 செய்தார்கள். அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் காருக்கு அது பெரிய எண்ணிக்கை. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கடல் கடந்து போயின, அதிலும் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு. அவற்றில் 'ட்வின் கேம்' என்ற ரகம் மட்டும் 2,111. அதை அபூர்வம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். பட்டறையில் நின்றது அதல்ல. ஆனால் இந்தியாவில் எந்த எம்.ஜி.ஏ.வும் அபூர்வம்தான், காரணம் வேறு. 1950-களில் வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கதவு ஏறக்குறைய சாத்தப்பட்டது. இங்கே பாகங்களைச் சேர்த்து விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. அதன் பிறகு ஒரு பிரிட்டிஷ் இரட்டை இருக்கை வண்டி உள்ளே வர வேண்டுமென்றால் தோட்டத்துரை கொண்டுவர வேண்டும், அல்லது தூதரகத்தார் கொண்டுவந்து போகும்போது விட்டுப்போக வேண்டும். ஆக, அபூர்வத்தைச் செய்தது அபிங்டன் அல்ல, தில்லி.

வந்த சிலதும் ஏன் தங்கவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. ஆவணம் காட்ட முடியாது. ஊரைப் பார்த்துச் சொல்கிறேன். நம்மிடம் கூரையில்லாத காருக்கு ஒரு வேலை இருந்தது: மாப்பிள்ளை அழைப்பு. கோயிலிலிருந்து மண்டபம் வரை, முன்னால் நாதஸ்வரமோ பேண்டு வாத்தியமோ, இரண்டு பக்கமும் காஸ் லைட்டுத் தூக்கிகள், நடுவில் ஆள் நடக்கும் வேகத்தில் ஒரு திறந்த கார். எஞ்சின் சூடாகி ரேடியேட்டர் கொதிக்கும். குடத்தில் தண்ணீரோடு ஒரு ஆள் கூடவே நடப்பார். அந்த வேலைக்குச் செவர்லே, பிளிமத், டாட்ஜ் மாதிரி அமெரிக்க யானைகள்தான் லாயக்கு. மாப்பிள்ளை, மாப்பிள்ளைத் தோழன், ஒறம்பரை வீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டு, பானட்டில் இரண்டு என்று அடுக்கலாம். முகூர்த்த மாதத்தில் வாடகை வரும். சினிமாக்காரர்கள் கேட்டால் அதற்கும் போகும். சம்பாதித்துக் கொடுத்த வண்டியை யாரும் பேரீச்சம்பழத்துக்குப் போடவில்லை. எம்.ஜி. மாதிரி வண்டியில் டிரைவரை உட்கார வைத்த பிறகு ஒரே இடம் மிச்சம். மாப்பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து ஊர்வலம் விட்டால் சம்பந்தி வீட்டில் பேச்சு வரும்.

நம் வெயிலுக்குத் திறந்த கார் தோதில்லை என்று சொல்வார்கள். நான் முழுக்க ஒப்பவில்லை. நடுப்பகலில் மேட்டுப்பாளையம் ரோட்டில், டவுன் பஸ்ஸின் புகைக்குழாய் மூக்கின் உயரத்தில் இருக்க, கூரையில்லாமல் போகிறவருக்கு மண்டை குழம்பியிருக்க வேண்டும், அது சரி. ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்குகிற ஆனி, ஆடி மாதச் சாயங்காலத்தில், குருடிமலைப் பக்கம் மேகம் கட்டியிருக்கும்போது தடாகம் ரோட்டில் போய்ப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். அந்தக் காற்றுக்கு மேலே கூரை எதற்கு? இங்கிலாந்தில் வருடம் பாதி மழை. திறந்த கார் ஓட்ட அவர்களுக்கு இருக்கும் நியாயத்தைவிட நமக்கு இருக்கும் நியாயம் பெரிது.

கூரை வேண்டாதவர்கள் இங்கேயும் இருந்தார்கள். அவர்களுக்கு எம்.ஜி. கிடைக்கவில்லை, ஹெரால்டு கிடைத்தது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-லிருந்து செய்த கார். அசல் ஊர் இங்கிலாந்தின் கவென்ட்ரி, வடிவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கேலொட்டி. அதன் உடம்பு பிறந்த கதை வேடிக்கையானது. ஹெரால்டை அங்கே செய்த ட்ரையம்ஃபுக்கு உடம்பு செய்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக்காரர் விலைக்கு வாங்கிவிட்டார். முழு உடம்பை ஒரே இடத்தில் அடித்து வாங்க வழியில்லாமல் போனது. துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து வாங்கி, தனிச் சேஸ்மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். அதனால் ஹெரால்டின் கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது. ஸ்பேனர் இருந்தால் போதும், கழற்றிவிடலாம். அதே சேஸைக் குட்டையாக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். அது 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. இங்கிலாந்தில் 'ஸ்டாண்டர்டு' என்ற பெயர் 1963-லேயே கார்களிலிருந்து போய்விட்டது. நம்மிடம் 1988 வரை இருந்தது. சோழவரத்தில் பழைய யுத்தகால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் அம்பாசடர், பியட்டோடு ஹெரால்டும் ஓடியது.

கூரை கழற்றிய ஹெரால்டுகளையும் இன்று 'பிரிட்டிஷ் கன்வெர்டிபிள்' என்று விற்கிறார்கள். வாங்கலாமா? சட்டப்படி வாங்கியவர் கையில் இருப்பது தகராறு. ஆர்.சி.யில் எழுதியதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. 2021-ல் பழங்கார்களுக்கென்று தனி விதி வந்தது. ஐம்பது வயது தாண்டிய சொந்த உபயோக வண்டியை 'விண்டேஜ்' என்று பதியலாம், புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, எண்ணில் வி.ஏ. என்ற எழுத்து வரும். தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று வெளியே எடுக்கலாம். இதற்கெல்லாம் அடிப்படை நிபந்தனை, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

விதி எழுதியவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. பேர் மாற்றும்போது சேஸ் நம்பர்மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். சின்ன வயதில் காசின்மேல் தாள் வைத்துத் தேய்த்த மாதிரி, கறுப்புக்குள்ளிருந்து எழுத்து எழும்பும். பழைய வண்டியில் அந்த நம்பர் ஒரு தகட்டில் இருக்கும், தகடு திருகாணியில் நிற்கும். திருகாணியைக் கழற்றுகிறவனுக்கு வண்டியே கழன்று கையில் வந்த மாதிரி. கட்டுப்பாடு வேண்டும். ஆனால் 'அசல்' என்ற ஒரு சொல்லை எல்லாவற்றுக்கும் பூட்டாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு எம்.ஜி.யின் சொந்தக் கதையே சாட்சி.

எம்.ஜி. என்றால் மாரிஸ் கராஜஸ். ஆக்ஸ்ஃபோர்டில் மாரிஸ் கார்களை விற்று, பழுதும் பார்த்த கடை. 1920-களில் அதன் மேலாளராக இருந்த செசில் கிம்பருக்கு, வருகிற வண்டியை வந்தபடி விற்பதில் திருப்தியில்லை. சாதாரண மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சேஸை எடுத்து, ஸ்பிரிங்கைத் தாழ்த்தி, வேறு உடம்பு கட்டி விற்றார். அப்படித்தான் எம்.ஜி. பிறந்தது. கம்பெனிக்காரன் அனுப்பிய வண்டியின் உருவத்தை ஒரு பட்டறை மேலாளர் மாற்றியதன் பெயர் எம்.ஜி. நம் 52-ஆவது பிரிவு அன்றைக்கு ஆக்ஸ்ஃபோர்டில் இருந்திருந்தால் முதல் எம்.ஜி. ரோட்டில் இறங்கியிருக்காது. முப்பது வருடம் கழித்து வேறொரு மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான் நம் அம்பாசடருக்கு அச்சு. பட்டறைக்காரர் 'பங்காளி' என்றது எஞ்சினை வைத்து. அவர் அறியாமலே வம்சாவளியிலும் சரியாக விழுந்திருக்கிறது.

இங்கிலாந்தில் இந்த வழக்கு நிஜமாகவே கோர்ட்டுக்குப் போனது. பென்ட்லியின் 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற திறந்த ரேஸ் கார் 1929, 1930 இரண்டு வருடமும் லு மான் பந்தயத்தில் ஜெயித்தது. பின்னால் அதற்குச் சேஸ் மாறியது, எஞ்சின் மாறியது, உடம்பு மாறியது. அறுபது வருடம் கழித்து ஒரு கோடிப் பவுண்டு அளவில் விலை பேசி முடித்தபோது, வாங்க ஒப்புக்கொண்டவர்கள் 'இது அந்த வண்டியே இல்லை' என்று பின்வாங்கினார்கள். 1990-ல் நீதிபதி ஆட்டன் தீர்ப்புச் சொன்னார். ஜெயித்தபோது இருந்த இரும்பு ஏறக்குறைய மிச்சமில்லை என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் மாற்றங்கள் ஒவ்வொன்றாக, இடைவெளி விடாமல் நடந்திருக்கின்றன. எந்த நாளிலும் அந்த வண்டி இல்லாமல் போய் வேறொன்று வந்து நிற்கவில்லை. ஆகவே இதுதான் ஓல்டு நம்பர் ஒன் என்றார். எனக்கு இந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறது. வண்டியின் வரலாறு என்று கோர்ட்டு ஏற்றுக்கொண்டது பட்டறை வேலையைத்தான்.

கோயமுத்தூருக்கு இதைக் கோர்ட்டு சொல்லத் தேவையில்லை. ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டுத் தொடங்கியவர். இரண்டாயிரம் ரூபாய்க்கு இரண்டு இருக்கை பெட்ரோல் கார் செய்தார், லைசென்ஸ் கிடைக்கவில்லை என்பது இங்கே எல்லா டீக்கடையிலும் சொல்லும் கதை. எண்பதுகளில் எஸ். கரிவர்தன் மாருதி 800-ன் எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். கிம்பர் மாரிஸை எடுத்துச் செய்ததற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. அந்தப் 'ஃபார்முலா மாருதி'யில்தான் நரேன் கார்த்திகேயன் தன் முதல் ரேஸை ஓட்டினார். 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். ஓடிய வண்டிகளை ஓடாமல் பார்க்க வேண்டுமென்றால் அவிநாசி ரோட்டில் ஜீடி கார் மியூசியம் இருக்கிறது, 2015-ல் திறந்தது, நன்றாகவே வைத்திருக்கிறார்கள். நான் அங்கே போகும்போதெல்லாம் தரையைத்தான் பார்க்கிறேன். எந்த வண்டிக்குக் கீழும் ஒரு சொட்டு ஆயில் இல்லை. பிரிட்டிஷ் காருக்கு அது இயல்பே அல்ல.

இதற்கிடையில் எம்.ஜி. என்ற பெயரே கைமாறிவிட்டது. அபிங்டன் தொழிற்சாலை 1980-ல் மூடியது. பெயர் இப்போது ஒரு சீனக் கம்பெனியிடம். 2019-லிருந்து இந்தியாவிலும் விற்கிறார்கள். பட்டறைக்கு வந்திருந்த ஒரு பையன், "இது எம்.ஜி.ங்களா? பேட்டரி எங்க இருக்குது, எத்தனை கிலோமீட்டர் வருமுங்க?" என்று கேட்டான். மின்சாரத்தில் ஓடும் கூரை திறக்கிற எம்.ஜி. 2025-ல் இங்கே விற்பனைக்கு வந்திருப்பதால் அவன் கேள்வியில் தப்பில்லை. பட்டறைக்காரர் தகரப்பெட்டியைத் தட்டிக் காட்டி, "பேட்டரி இங்கதான் கண்ணு" என்றார்.

வாங்க வந்தவர் அவிநாசிப் பக்கத்துக்காரர், பனியன் தொழில். நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார். ஒவ்வொன்றையும் தொட்டு, இது அசலா, இது அசலா என்று கேட்டுக்கொண்டே வந்தார். பட்டறைக்காரர் எதையும் மறைக்கவில்லை. பிஸ்டன் அம்பாசடருடையது. வாட்டர் பம்ப்பும் அதே. துணிக்கூரை உக்கடத்தில் ரெக்சின் வாங்கித் தைத்தது. ஒரு கதவுக் கீலுக்குப் பேட்டர்ன் செதுக்கி, கணபதியில் வார்ப்படம் ஊற்றி, இங்கே லேத்தில் பிடித்தது. பின்பக்க மட்கார்டு கையால் தட்டி எடுத்தது. எது இங்கிலாந்தில் அடித்தது, எது இங்கே தட்டியது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தரைப்பலகை சவுக்குச் சட்டம் வைத்து மாற்றியது. சொல்லச் சொல்ல வந்தவர் முகம் இறங்கியது, விலையும் இறங்கியது.

"அப்ப தாள்ல அசல் நிலைன்னு ஏனுங்க போட்டீங்க?"

"அது ஓனர் போடச் சொன்னதுங்க. ஆனா பொய்யில்லீங்க, வாங்க." பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். மூலையில் இரண்டு பருத்திக்கொட்டைச் சாக்கு. ஒன்றை அவிழ்த்துத் தரையில் கொட்டினார். விரிசல் விட்ட பம்ப், தேய்ந்த பிஸ்டன் நாலு, உடைந்த கீல், துருப்பிடித்துக் கைபட்டாலே உதிரும் மட்கார்டு. "ஒரிஜினலு ஒண்ணுகூட வெளிய போகலீங்க. எல்லாம் சாக்குல இருக்குது, எடுத்துக்குங்க."

வந்தவர் குனிந்து கீலை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். அதில் ஏதோ பாகத்தின் எண் அச்சாகியிருந்தது. அதை போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு சாக்குக்குத் தனியாக எவ்வளவு என்று கேட்டார்.